பின்வாசலில் கனத்த பார்பெக்யூ அடுப்பு: வாங்கும் முன்பும் பற்றவைக்கும் முன்பும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தாமான்களில் சனிக்கிழமை மாலை ஏதாவது ஒரு வீட்டுப் பின்வாசலிலிருந்து கரிப்புகை கிளம்பும். தோட்டத்து வீடுகளிலும் இப்போது அப்படித்தான். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்யும் பிள்ளைகள் ஊருக்கு வந்தால், அம்மாவை அடுப்படியில் நிற்கவிடாமல் வெளியே கோழி சுட்டுச் சாப்பிடலாம் என்கிறார்கள்.

முன்பெல்லாம் நான்கு செங்கல்லும் ஒரு கம்பி வலையும் போதும். இப்போது பலரும் மூடி போட்ட கனமான அடுப்பையே தேடுகிறார்கள். சிலர் பட்டறையில் சொல்லிச் செய்கிறார்கள், சிலர் கடையில் வாங்குகிறார்கள். பிரச்சினை அதற்குப் பிறகுதான் வருகிறது. முதல் நாள் கோழி வெளியே கருகி உள்ளே சிவந்திருக்கும். இரண்டாம் முறை தணல் பாதியில் அணைந்துவிடும். மூன்றாம் முறை யாருக்கும் பற்றவைக்க மனம் வராது. இரண்டு மழைக்காலம் போனால் அந்த அடுப்பு பூந்தொட்டி வைக்கும் இடமாகிவிடும்.

இறைச்சியைச் சுட்டுத் தின்பது நமக்குப் புதிய பழக்கம் இல்லை. கரிகாலன் அவையில் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியைப் பொருநருக்கு விருந்து வைத்ததைப் பொருநராற்றுப்படை பேசுகிறது. நமக்குப் புதிதாக இருப்பது மூடி போட்ட அடுப்பின் இயக்கம்தான். அது புரிந்துவிட்டால் மற்றவை கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

கனம் எதற்கு?

மெல்லிய தகரம் சீக்கிரம் சூடாகி, சீக்கிரமே ஆறிவிடும். காற்று வீசினாலும், மூடியைத் திறந்தாலும், குளிர்ந்த இறைச்சியை வைத்தாலும் சூடு ஏறி இறங்கும். தடித்த இரும்பு மெதுவாகச் சூடேறும். ஏறிய பிறகு அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் இறைச்சிக்குக் கொடுக்கும். தோசைக்கல் தடிமனாக இருந்தால் தோசை ஒரே நிறமாகச் சிவப்பது போலத்தான் இதுவும்.

எடையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 சதுர மீட்டர் அளவுள்ள 1 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஏறக்குறைய 8 கிலோ இருக்கும். அதே அளவில் 3 மில்லிமீட்டர் தகடு 23 கிலோவைத் தாண்டும். மூடி, கால், கம்பித் தட்டு எல்லாம் சேர்த்து வெல்டிங் செய்த ஓர் அடுப்பை இரண்டு பேர் தூக்கச் சிரமப்படுவது இதனால்தான்.

நம் பக்கத்தில் கிடைப்பவை மூன்று வகை. முதலாவது, 200 லிட்டர் எண்ணெய்த் தோம்பை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை அடுப்பாகவும் மறுபாதியை மூடியாகவும் மாட்டியது. தகடு சுமார் 1 மில்லிமீட்டர்தான் என்றாலும் மலிவு. இரண்டாவது, பட்டறையில் தடித்த தகட்டில் செய்வது. மூன்றாவது, முட்டை வடிவப் பீங்கான் அடுப்பு. ஜப்பானிய மொழியில் அடுப்பைக் குறிக்கும் காமாடோ என்ற சொல்லே இதற்குப் பெயராகிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் வழியாக அந்நாட்டில் பரவிய வகை இது. பெரிய அளவு ஒன்று 70 கிலோவுக்கு மேல் இருக்கும். சூட்டை மணிக்கணக்கில் காக்கும், விலை அதிகம், கீழே விழுந்தால் உடையும்.

இவை தவிர உருண்டையான மூடி அடுப்பும் உண்டு. 1952இல் அமெரிக்காவின் சிக்காகோ வட்டாரத்தில் உலோகப் பட்டறையில் வேலை செய்த ஜார்ஜ் ஸ்டீவன் என்பவர், கடல் மிதவைக்கான இரும்பு உருண்டையை இரண்டாக வெட்டி இதை உருவாக்கினார். தோம்பை வெட்டும் நம் பட்டறைக்காரர்களின் யோசனையும் அதே வகைதான்.

தோம்பு எங்கிருந்து வந்தது?

தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. பழைய தோம்பு இலவசமாகக் கிடைக்கிறது என்று எடுத்துவரும் முன், அதில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். களைக்கொல்லி, பூச்சிமருந்து, ரப்பர் பாலில் கலக்கும் அமிலம், அமோனியா போன்றவை இருந்த தோம்பை எத்தனை முறை கழுவினாலும் சமையலுக்கு எடுக்கக்கூடாது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனால் அதற்கு முன் பயன்படுத்திய கலன்கள் எந்தக் கொட்டகை மூலையில் கிடக்கின்றன என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. லேபல் கிழிந்து, உள்ளே இருந்தது என்னவென்று தெரியாத தோம்பை விட்டுவிடுவதே நல்லது. சமையல் எண்ணெய் வந்த தோம்பு கிடைத்தால் அதை எடுக்கலாம்.

டீசல், பெட்ரோல், தின்னர் இருந்த தோம்பில் வேறொரு ஆபத்து இருக்கிறது. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். வெட்டும் கருவியின் ஒரு பொறி பட்டால் தோம்பு வெடிக்கும். வீட்டில் கிரைண்டரை வைத்து வெட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம். உள்ளே என்ன இருந்தது என்று பட்டறைக்காரரிடம் மறைக்காமல் சொல்லி, அவரிடமே விட்டுவிடுங்கள்.

கம்பித் தட்டிலும் கவனம் தேவை. பழைய குளிர்பெட்டியின் தட்டை எடுத்து அடுப்பின் மேல் வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அந்தத் தட்டுகளின் மேல்பூச்சு நெருப்புக்காகச் செய்யப்பட்டதில்லை. சூட்டில் அது உரிந்தால் நச்சு உணவில் கலக்கலாம். துத்தநாகம் பூசிய வெள்ளி நிற வேலிக்கம்பியும் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியோ, பூச்சில்லாத வார்ப்பிரும்புத் தட்டோ போதும்.

பட்டறையில் சொல்லும்போது நான்கு விஷயங்களைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். அடியில் திறந்து மூடும் காற்றுத் துளை வேண்டும். மூடியில் அதேபோல் இன்னொரு துளை வேண்டும். கரி தரையில் படாமல் சற்று உயரத்தில் இருக்க உள்ளே ஒரு தட்டு வேண்டும், சாம்பல் அதற்கடியில் விழும். மூடியின் கைப்பிடி மரத்தில் இருக்கட்டும். இவற்றில் காற்றுத் துளைகளை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எங்கே வைப்பது?

வரிசை வீடுகளில் இடம் குறைவு. அதனால் பலர் கார் நிறுத்தும் முகப்பிலோ, பின்பக்கம் கூரை போட்டு அடைத்த சமையற்கட்டிலோ அடுப்பை வைத்துவிடுகிறார்கள். இது உயிருக்கே ஆபத்து. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கித் தணல் அமைதியாகக் கனன்றாலும் அது வந்துகொண்டே இருக்கும். மழை வந்துவிட்டது என்று தணலோடு அடுப்பை வீட்டுக்குள் இழுப்பதும் கூடாது. கதவு சன்னலைத் திறந்து வைத்தாலும் உள்ளே கரி அடுப்பு வேண்டாம்.

வானம் பார்த்த இடமாக, சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் துணிக்கொடியிலிருந்தும் 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். கேஸ் தோம்பு பக்கத்தில் இருக்கக்கூடாது. அடுப்பு கனமாக இருப்பதால் மழையில் ஊறிய மண்ணில் ஒரு கால் மட்டும் இறங்கிச் சாயும். நான்கு சிமெண்டுப் பலகைகளைச் சமமாகப் பதித்து அதன் மேல் நிறுத்தினால் கவலை இல்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, புகை பக்கத்து வீட்டுச் சன்னலுக்குப் போகாதபடி திருப்புங்கள். பக்கத்து வீட்டாரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனவருத்தம் வராது.

அடுப்பு இருக்கிறதே என்று காய்ந்த இலையையும் குப்பையையும் அதில் போட்டு எரிக்க வேண்டாம். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது குற்றம். புகைமூட்ட நாட்களில் கரி அடுப்பையும் தள்ளிப் போடுவதே நல்லது.

முதல் எரிப்பு சமையலுக்கு இல்லை

புதிய இரும்பு அடுப்பில் பட்டறை எண்ணெயும் தூசியும் பெயிண்டும் இருக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்பக்கமும் கம்பித் தட்டும் பளபளக்கும் அளவுக்கு மட்டும் சமையல் எண்ணெய் பூசுங்கள். பிறகு கரியைப் பற்றவைத்து, மூடி, 2 மணி நேரம் வெறுமனே எரிய விடுங்கள். எண்ணெய் இரும்பில் இறுகிக் கறுத்த படலமாகும். புது இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவதும் இப்படித்தானே. அந்தப் படலம் துருவைத் தடுக்கும், மீன் ஒட்டாமலும் காக்கும். தோம்பு அடுப்பாக இருந்தால் உள்பூச்சும் பெயிண்டும் முழுவதும் எரிந்து போகும்வரை நல்ல சூட்டில் எரித்துத் தேய்த்த பிறகே எண்ணெய் பூச வேண்டும்.

பீங்கான் அடுப்புக்கு முறை வேறு. முதல் சில தடவை சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும். சட்டென்று பெருநெருப்பு மூட்டினால் விரிசல் விழலாம்.

என்ன கரி?

கெடாவுக்குத் தெற்கே பேராவின் கோல செபெத்தாங்கில் செய்யப்படும் சதுப்புநிலக் கரி நம் வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் நல்ல கரி. மாத்தாங் சதுப்புநிலக் காடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டுப் பராமரிக்கப்படுகிறது. 30 ஆண்டு சுழற்சியில் மரம் வெட்டி, மீண்டும் நடுகிறார்கள். பாக்காவ் மரக்கட்டைகளைக் கூண்டு போன்ற பெரிய செங்கற்சூளைக்குள் அடுக்கி, காற்றை மட்டுப்படுத்தி, வாரக்கணக்கில் வேகவைத்துக் கரியாக்குகிறார்கள். கட்டி கட்டியாக இருக்கும், நீண்ட நேரம் எரியும்.

தேங்காய்ச் சிரட்டைக் கரி சூடு அதிகம், புகை குறைவு. அச்சில் வார்த்த கரிக்கட்டிகள் ஒரே சீராக எரியும், ஆனால் சாம்பல் கூடுதல். தோட்டத்தில் கிடைக்கும் ரப்பர் விறகை நேரடியாகப் போட்டால் முதலில் புகையும் தீக்கொழுந்தும்தான் வரும். தனியாக எரித்துத் தணலாக்கி, பிறகு அள்ளிப் போடலாம். பெயிண்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, சரக்கு அடுக்கும் மரத்தட்டு எதுவும் வேண்டாம்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுவோம். அந்த வாடை உணவில் ஏறும். எரிகிற கரியில் மேலும் ஊற்றினால் தீ ஊற்றும் கைக்கே திரும்பும். பெரிய தகர டின் ஒன்றின் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் எடுத்துவிட்டு, அடியில் கம்பி குறுக்கிட்டு, கீழ்ச்சுற்றில் துளைகள் போட்டால் கரி மூட்டும் குழாய் தயார். வெளிப்பூச்சு போக ஒரு முறை வெறுமனே எரித்துவிடுங்கள். பிறகு கரியை நிரப்பி, கீழே இரண்டு தாள் காகிதத்தைச் சுருட்டி வைத்துப் பற்றவைத்தால், சூடான காற்று மேலேற 15 முதல் 20 நிமிடத்தில் எல்லாக் கரியும் பிடித்துவிடும். மேலே சாம்பல் நிறம் படர்ந்து நீறு பூத்த பிறகுதான் சமையலுக்குப் பதம். கொழுந்து விட்டு எரியும் போது இறைச்சி வைத்தால் கருகும்.

காற்றுதான் கடிவாளம்

கேஸ் அடுப்பில் சூட்டைக் குறைக்கத் திருகியைத் திருப்புகிறோம். கரி அடுப்பில் காற்றுத் துளைதான் அந்தத் திருகி. அடித் துளை வழியாகக் காற்று நுழைந்து கரியை எரிக்கும். மேல் துளை வழியாகச் சூடான காற்று வெளியேறி, கீழிருந்து புதிய காற்றை இழுக்கும். இரண்டையும் திறந்தால் சூடு ஏறும். அடித் துளையைப் பாதி மூடினால் சில நிமிடங்களில் இறங்கும். இரண்டையும் முழுக்க மூடினால் தணல் அணைந்து, மீதிக் கரி அடுத்த வாரத்துக்கு உதவும். சமைக்கும்போது மேல் துளையை முழுதாக மூடக்கூடாது. புகை உள்ளே தேங்கி உணவு கசக்கும்.

கரியும் காற்றும் கெடாவின் பழைய கதையில் சேர்ந்தே வருகின்றன. நம் மூதாதையர் கடாரம் என்று அழைத்த இம்மண்ணில், பீடோங் அருகே சுங்கை பத்துவில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் ஏராளமான சுடுமண் காற்றுக் குழாய்களும் கிடைத்தன. உலைக்குள் காற்றை ஊதி நெருப்பை ஏற்ற உதவியவை அந்தக் குழாய்கள். இரும்பை உருக்கியவர்கள் கையாண்டதும் காற்றைத்தான்.

அடுத்த பாடம், கரியை அடுப்பு முழுக்கப் பரப்பாமல் ஒரு பக்கமாகக் குவிப்பது. கரி இருக்கும் பக்கம் கடும் சூடு, மறுபக்கம் இளஞ்சூடு. முதலில் சூட்டுப் பக்கத்தில் நிறம் ஏற்றி, பிறகு இளஞ்சூட்டுப் பக்கம் நகர்த்தி, மூடி போட்டு உள்ளே வேகவிட வேண்டும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காமல், இறைச்சியை அந்தப் பக்கம் தள்ளி மூடியை மூடுங்கள். காற்று குறைந்ததும் தீ அடங்கும்.

சூட்டை அறியக் கையே போதும். கம்பித் தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். 2, 3 விநாடிக்கு மேல் தாங்காவிட்டால் கடும் சூடு. 5 விநாடி தாங்கினால் நடுத்தரம். 8 விநாடிக்கு மேல் தாங்கினால் இளஞ்சூடு.

படிப்படியாகக் கற்கலாம்

விருந்தாளிகளை அழைத்துவிட்டு முதல் நெருப்பை மூட்ட வேண்டாம். முதல் வாரம் கத்தரிக்காய், சோளம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுடுங்கள். கருகினாலும் நட்டம் இல்லை. கத்தரிக்காயை உரித்துப் பிசைந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் புளியும் சேர்த்தால் அன்றைய சோற்றுக்குத் துணையாகிவிடும்.

இரண்டாவது வாரம் மீன். செஞ்சாரு மீனின் முதுகைக் கீறி, தேங்காய்ச் சம்பலை அடைத்துச் சுடுவது நம் கடலோர மலாய்க்காரர்களின் பழைய முறை. கெம்போங் மீனுக்கு மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, புளிக்கரைசல் போதும். வாழை இலையை எண்ணெய் தடவி விரித்து அதன் மேல் வைத்தால் ஒட்டாது, உடையாது.

மூன்றாவது வாரம் கோழித் தொடை. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். இனிப்புச் சோயாக் குழம்பு, தேன், சீனி கலந்த மசாலா நெருப்பில் சீக்கிரம் கருகும். வெளியே கறுத்ததும் வெந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறோம். இனிப்பைக் கடைசி 10 நிமிடத்தில் மட்டும் பூசுங்கள். ஊறவைப்பதற்குத் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு போதும். அரைத்த வெங்காயமும் சீக்கிரம் கருகும் என்பதால் ஒட்டியிருப்பதை வழித்துவிட்டுச் சுடுங்கள்.

கோழியின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல், உணவு வெப்பமானியைச் செருகினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. பச்சை இறைச்சி வைத்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைப்பதும், பச்சை இறைச்சி ஊறிய மசாலாவை வெந்த கோழியில் தடவுவதும் வயிற்றுப்போக்குக்கு வழி. நம் ஊர் வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பச்சை இறைச்சியையும் சமைத்த உணவையும் 1 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள்.

கை பழகிய பிறகு ஆட்டிறைச்சியும் முழுக்கோழியும் செய்யலாம். சைவம் சாப்பிடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கென்று தனிக் கம்பித் தட்டும் இடுக்கியும் ஒதுக்கி, அவர்களுக்கே முதலில் சுட்டுக் கொடுங்கள். பன்னீர், காளான், தௌபூ எல்லாம் நன்றாக வரும்.

நெருப்பு அடங்கிய பிறகு

விருந்து முடிந்த களைப்பில்தான் விபத்து நடக்கிறது. சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வளையும், பீங்கான் வெடிக்கும், நீராவி முகத்தைச் சுடும். துளைகளை மூடி அப்படியே விடுங்கள். சாம்பலை மறுநாள் மாலைக்குப் பிறகு அள்ளி, இரும்பு வாளியில் போட்டு, நீர் தெளித்துக் கிளறிய பின்பே கொட்டுங்கள். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி ஒரு சிறு கங்கில் உருகிவிடும்.

யாருக்காவது சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசையோ சோயாக் குழம்போ பூச வேண்டாம். குழந்தைகள் அடுப்புக்கு 1 மீட்டர் தள்ளி நிற்கத் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பெரிய விபத்தென்றால் 999.

கம்பித் தட்டை இளஞ்சூட்டில் தேய்த்து, எண்ணெய் தடவி, மழைபடாமல் மூடி வைத்தால் தடித்த இரும்பு அடுப்பு பல ஆண்டுகள் உழைக்கும்.

இந்தச் சனிக்கிழமை விருந்தாளிகள் யாரும் வராவிட்டால் அதுவே நல்ல நாள். ஒரு கிலோ கத்தரிக்காயும் ஒரு பை கரியும் வாங்கிக்கொள்ளுங்கள். துளையை ஒவ்வொரு முறை திருப்பியதும் 5 நிமிடம் பொறுத்து, தணல் என்ன செய்கிறது என்று பாருங்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது அடுப்பும் உங்கள் கைக்குப் பழகியிருக்கும்.